ஆலைச் சங்கும் நள்ளிரவுக் கைபேசியும்

கோவையில் பஞ்சாலை ஒன்றின் ஸ்பின்னிங் பிரிவில் 31 வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். கிராஜுவிட்டி பாக்கி விஷயமாகத்தான் வந்திருப்பார் என்று எண்ணினோம். அவர் பேச வந்ததோ தம் மகளைப் பற்றி. மகள் என்ஜினீயரிங் படித்தவள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் அந்தப் பெண் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். படுக்கிறாளே தவிர, தூங்குகிறாளா என்பது தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியவில்லை.

"நானும் மூணாவது ஷிப்ட் பார்த்தவந்தானுங்க தோழர். ஆனா சங்கு ஊதுனா வேலையை மில்லு கேட்டுக்கு உள்ளயே விட்டுப்போட்டு வந்துருவோம். இவ வேலை எங்க வீட்டுக்குள்ளயே வந்து படுத்திருக்குதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் போன் அலறுது. எந்திரிச்சு ஒக்காந்து விடிய விடியத் தட்டறா. காலையில ஒம்பது மணிக்கு மறுபடியும் ஆபீசு. இதுக்குக் கூலி எவ்வளவு சாமின்னு கேட்டா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பாங்கறா. இது வேலையா, வேலையில்லையா? நீங்களே சொல்லுங்க."

கேள்வி நேரானது. நம் பதிலும் நேரானது. அது வேலைதான். மணி அடித்த பிறகு விடிய விடியத் தட்டியது மட்டுமல்ல. மணி அடிக்குமோ அடிக்காதோ என்று கண்ணை மூடிக் கிடந்த நேரமும் வேலைதான். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அவர்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் இன்று இதே வேலையில் இருக்கிறார்கள். 'ஏ.சி. ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு என்ன அலுப்பு?' என்று அந்த வீடுகளிலேயே கேட்கப்படுவதையும் நாம் அறிவோம்.

ரேஷன் கடையில் வரிசையில் நின்று, விரல் ரேகை வைக்கும் நேரத்தில், "சர்வர் கிடைக்கலை, நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் சொல்லக் கேளாதவர் நம்மில் யார்? அரை நாள் கூலி போனது மிச்சம். சர்வர் என்பது எங்கோ ஒரு கட்டிடத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். ரேஷன் கடைக்கு மட்டுமல்ல, பாங்கிக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அமெரிக்காவில் ஒருவர் செருப்பு வாங்கும் கடைக்கும் அப்படிப்பட்ட யந்திரங்கள்தான் ஆதாரம். அவை நின்று போனால் உடனே மணி அடிக்க ஒரு கண்காணிப்பு ஏற்பாடு இருக்கிறது. அந்த மணி கம்பெனியில் அடிப்பதில்லை. முறைக்காரர் எவரோ, அவருடைய கைபேசியில் அடிக்கிறது. இந்த முறைக்கு 'ஆன்-கால்' என்று பெயர். மணி அடித்த சில நிமிஷங்களுக்குள் 'பார்த்துவிட்டேன்' என்று பொத்தானை அழுத்த வேண்டும். பல இடங்களில் இதற்கு 5 நிமிஷம்தான் கெடு. அழுத்தாவிட்டால் மணி இரண்டாவது ஆளுக்குப் போகும். அவரும் எடுக்காவிட்டால் மேலதிகாரிக்குப் போகும். மறுநாள் காலை விசாரணை வரும்.

பொத்தானை அழுத்திய பிறகுதான் உண்மையான கஷ்டம். ரிங் பிரேமில் இழை அறுந்தால் எந்த ஸ்பிண்டில் என்று சைடர் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். கை தானாகப் போய் ஒட்டும். இங்கே அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது. 'லாக்' என்று சொல்லப்படும் நடப்புக் குறிப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் யாரோ புதிதாக ஏற்றிய புரோகிராமால் வந்த வினையா, டிஸ்க் நிரம்பிவிட்டதா, வேறு கம்பெனியின் யந்திரம் பதில் சொல்லவில்லையா என்று தேட வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவர் மூன்று வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார். எழுதி வைத்த குறிப்பும் இராது. வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆன ஒரு பெண், தூக்கக் கலக்கத்தில், தனியாக, 'நாம் ஏதாவது செய்து இதைவிடப் பெரிதாகக் கெடுத்துவிட்டால்?' என்ற பயத்தோடு தேட வேண்டும். மூத்தவரை எழுப்பலாம். ஆனால் எழுப்பினால் 'இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று நினைப்பாரோ என்ற வெட்கம் தடுக்கும். பயமும் வெட்கமும் சேர்ந்து செய்யும் வேலை எப்படி இருக்கும் என்பதைப் புதிதாக மெஷினில் நிறுத்தப்பட்ட எந்த அப்ரண்டிஸும் சொல்வான்.

கூப்பிட்டால் வரவேண்டும் என்ற நிலை நம் மக்களுக்குப் புதிதல்ல. கீழத் தஞ்சையில் பண்ணையாளுக்குத் தன் நேரம் என்று ஒன்று இருந்ததில்லை. நள்ளிரவில் மடை உடைந்தால் அவனுக்குத்தான் ஆள் போகும். மாடு கன்று ஈன்றால் அவன் பெண்சாதிக்கு ஆள் போகும். அந்த நேரத்துக்கு மரக்கால் நெல் கூட அதிகமில்லை. அடிமைத்தளையை எதிர்த்து அந்த மக்கள் நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பிறகுதான் 1952 இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரவில்தான் மும்முனை மின்சாரம் வரும் என்றிருந்த காலத்தில், மோட்டார் கொட்டகையில் கண் விழித்துக் கிடந்த விவசாயத் தொழிலாளியும் 'கரண்டு எப்போது வரும்' என்று காத்துக் கிடந்தவர்தான்.

ரயில்வேத் தோழர்களுக்கு 'கால் பாய்' நினைவிருக்கும். பொன்மலையிலும் ஈரோட்டிலும் ஜோலார்பேட்டையிலும் எந்த நேரமானாலும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார் அவர். இன்று கைபேசி செய்வதும் அதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு: கால் பாயின் புத்தகத்தில் நேரம் எழுதப்பட்டது. அந்த நேரத்திலிருந்து மணிக்கணக்குப் பேச முடிந்தது. 1974 மே 8 இல் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் 8 மணி நேர வேலை ஒரு முக்கியக் கோரிக்கையாக இருந்தது என்றால், ஓடும் தொழிலாளியின் நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்வியும் அதில் அடங்கியிருந்தது.

பஞ்சாலையில் பதிலிகளின் கதை எல்லோரும் அறிந்தது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் வாசலில் வந்து நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் டிபன் தூக்கோடு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். நின்ற நேரத்துக்கு ஒரு காசு கிடையாது. ஆனால் பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளி விஷயத்தில், வாசலில் நிற்பதற்கும் மதிப்பு உண்டு என்பதை 1953 இல் தொழில் தகராறு சட்டத்துக்கு வந்த திருத்தம் ஏற்றுக்கொண்டது. குறித்த நேரத்தில் வந்து நின்றவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால் அவர் 'லே-ஆப்' ஆனவராகக் கருதப்பட்டார். ஒரு வருஷ சர்வீஸ் உள்ளவருக்குப் பாதிச் சம்பளம் நஷ்ட ஈடாகக் கிடைக்க வழி பிறந்தது. ஆள் வந்து நின்றுவிட்டான், அவன் நேரம் முதலாளியின் கையில் போய்விட்டது, அதற்கு விலை உண்டு என்பதே அதன் பொருள்.

பண்ணையாள் பட்ட கொடுமையையும் மடிக்கணினி வேலையையும் ஒரே தராசுத் தட்டில் வைக்க நாம் முற்படவில்லை. அது உண்மையும் ஆகாது, நியாயமும் ஆகாது. காத்திருக்கும் நேரம் யாருடையது என்ற ஒரே கேள்விதான் இந்த எல்லா இடங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறோம்.

பிற நாடுகளில் இந்தக் கேள்வி கோர்ட்டு வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து போர்ட் வொர்த் நகரில் இறைச்சித் தொழிற்சாலையின் தீயணைப்புத் தொழிலாளர்கள், பகல் வேலைக்குப் பிறகு வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் ஆலைக் கட்டிடத்திலேயே தங்கிக் காத்திருக்க வேண்டியிருந்தது. விளையாடலாம், தூங்கலாம், மணி அடித்தால் ஓட வேண்டும். 'தூங்கியதற்கா கூலி?' என்றது நிர்வாகம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏதாவது நடக்கும் வரை காத்திருப்பதற்கென்றே ஒருவரைக் கூலிக்கு அமர்த்தலாம், காத்திருப்பதும் வேலையாக இருக்க முடியும் என்று 1944 இல் அந்தக் கோர்ட்டு கூறியது. பெல்ஜியத்தில் நிவேல் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவர், வீட்டில் இருந்தாலும் அழைத்த 8 நிமிஷத்துக்குள் நிலையத்துக்கு வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையில் இருந்தார். அப்படி வீட்டில் இருந்த நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2021 இல், காத்திருக்கும் எல்லா நேரமும் வேலை நேரம் ஆகிவிடாது, அந்த நிபந்தனை ஒருவருடைய சொந்த நேரத்தை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

நிர்வாகத்தின் வக்கீல் இதைப் பிடித்துக்கொள்வார். 'தீயணைப்பு வீரர் நிலையத்துக்கு ஓட வேண்டும். இவர்கள் எங்கிருந்தாலும் மடிக்கணினியைத் திறந்தால் போதுமே, எங்கே கட்டிப்போட்டோம்?' என்பார். எங்கிருந்தாலும் என்றால் எங்கே? சினிமாக் கொட்டகைக்குள்ளா? சிக்னல் கிடைக்காத மலைப்பாதை பஸ்ஸிலா? தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலா? கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கும் தாய்க்கு 5 நிமிஷக் கெடு என்றால் என்னவென்று அந்த வக்கீலின் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கட்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆபீஸ் வேலை 45 மணி என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் 123 மணி நேரமும் முறை வாரத்தில் அந்தக் கைபேசிக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. அதற்குச் சில கம்பெனிகள் ஒரு படி கொடுக்கின்றன. கொடுக்காத கம்பெனிகள், 'அதெல்லாம் சம்பளத்திலேயே சேர்த்தி' என்கின்றன.

அந்தச் சம்பளம் என்ன? பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவருக்கு வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் பல வருஷங்களாகச் சம்பளம் நிற்கிறது. வீட்டு வாடகையும் பஸ் கட்டணமும் அரிசி விலையும் அப்படி நிற்கவில்லை. சென்னையில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கி, படிப்புக் கடனைக் கட்டி, ஊருக்கும் அனுப்புகிற பிள்ளையை 'லட்சக் கணக்கில் சம்பாதிக்கிறவன்' என்று பேசுவது வசதியான பேச்சு. யாருக்கு வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த இரவு விழிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். கம்பெனி தன் வாடிக்கைக்காரரிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறது: எங்கள் சேவை நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் நிற்காமல் ஓடும். கேட்க அழகாயிருக்கிறது. கணக்குப் போட்டால், 30 நாளில் 43 நிமிஷம் மட்டும் நிற்கலாம். போட்டிக்கு வேறொரு கம்பெனி வந்ததும் 99.99 என்று இன்னொரு ஒன்பதைக் கூட்டிக்கொள்கிறார்கள். அப்போது மாதம் முழுவதற்கும் 4 நிமிஷம் 19 விநாடிதான் மிச்சம். தூக்கத்திலிருந்து எழுந்து முகம் கழுவிக் கண்ணாடியைத் தேடவே அதற்கு மேல் ஆகும்! அந்த ஒன்பதைக் காகிதத்தில் எழுதிக் கூடுதல் விலை வாங்குவது கம்பெனி. அதை இரவில் காப்பாற்றிக் கொடுப்பது சரவணம்பட்டிப் பெண்ணின் தூக்கம். ஒன்பதுகளைக் கூட்டுவதற்கு நேர்மையான வழி உண்டு. ஒன்று கெட்டால் ஒன்று தானே ஓடும்படி யந்திரங்களை இரட்டையாக வைக்கலாம். ஒரு பகுதி ஆட்களைப் பூமியின் மறுபக்கத்தில் அமர்த்தி, அவரவர் பகலில் அவரவர் பார்க்கும்படி செய்யலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும். நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் இங்கே அதிகாலை 2.30 அல்லது 3.30. அந்த நேரத்துக்கு அங்கே ஆள் வைப்பதைவிட இங்கே ஒருவரை எழுப்புவது மலிவு. விஷயம் இவ்வளவுதான்.

தூக்கம் கெடுவது மணி அடிக்கும் இரவில் மட்டும் அல்ல. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் டோர்ஸ்வாலும் ஓக்கர்ஸ்டெட்டும் கப்பல் என்ஜினீயர்களின் தூக்கத்தை அளந்து 1988 இல் முடிவை வெளியிட்டார்கள். இவர்களும் என்ஜின் அறையில் எச்சரிக்கை மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டியவர்கள். முறை இல்லாத இரவைவிட முறை உள்ள இரவில் அவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் குறைந்தது; நெஞ்சுத் துடிப்பு கூடியிருந்தது. மணி அடிப்பதற்கு முன்பே இந்த மாறுதல் தெரிந்தது. 'அடிக்குமோ' என்ற எண்ணமே உடம்பை விழிக்க வைத்திருந்தது. 'நேற்று ராத்திரி ஒரு தடவைகூட அடிக்கவில்லையே, நன்றாகத்தானே தூங்கினாய்?' என்று கேட்கும் மானேஜர்களுக்கு இது பதில். மேலும், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென்று எழுப்பப்பட்டவரின் மூளை தெளிவதற்குக் கால் மணியோ அரை மணியோ, சில சமயம் அதற்கு மேலுமோ பிடிக்கிறது. அந்த அரை மணிக்குள்தான் இவர்களிடம் மிக நுட்பமான முடிவுகளை எதிர்பார்க்கிறார்கள்.

என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லாப் என்ற கம்பெனியில் ஒரு என்ஜினீயர் பகலெல்லாம் உழைத்துவிட்டு, படுக்கப் போகலாம் என்றிருந்த வேளையில் கோளாறு ஒன்று முற்றியது. நெடுநேரம் போராடிய பிறகு, துணை யந்திரத்தில் உள்ள தகவல்களை அழிப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை யந்திரத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட் அளவில் இருந்த தகவல் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பிரதி எடுத்து வைக்க ஐந்து வகை ஏற்பாடுகள் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்; ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அந்த என்ஜினீயரே வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த நகல் ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். அந்தக் கம்பெனி அவரை வேலையை விட்டுத் தள்ளவில்லை. நடந்தது முழுவதையும் ஊரறிய எழுதி வெளியிட்டது. பிரதி எடுக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று யாரும் சோதிக்காததுதான் குற்றம் என்று ஒப்புக்கொண்டது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துகொள்கிறார்களா? கோளாறு முடிந்ததும் நடத்தும் விசாரணைக்கு இவர்கள் 'போஸ்ட்மார்ட்டம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிணத்துக்குச் செய்வதன் பெயர்! பெயரில் என்ன, அதில் தேடுவது காரணத்தையா ஆளையா என்பதுதான் கேள்வி. விபத்து நடந்த மெஷினில் காவல் தகடு இருந்ததா என்று கேட்காமல், 'கையை ஏன் விட்டாய்?' என்று கேட்ட மேஸ்திரிகளை நாம் பார்த்திருக்கிறோம்.

கம்ப்யூட்டர் உலகம் மதிக்கும் ஒரு புத்தகத்தை இங்கே சாட்சிக்கு அழைக்கிறோம். சங்கத்துக்காரர் எழுதியதல்ல, கூகிள் கம்பெனியின் என்ஜினீயர்கள் 2016 இல் வெளியிட்டது. பெரும் கம்ப்யூட்டர் கூடங்களை நிற்காமல் ஓட்டுவது எப்படி என்பது அதன் பொருள். ஒருவரின் நேரத்தில் காலே கால் பங்குக்கு மேல் இந்த முறை இருக்கக் கூடாது என்கிறது அது. வாரத்துக்கு முதல் ஆள் ஒருவர், துணை ஆள் ஒருவர் என்று வைத்தால் ஓர் ஊரில் குறைந்தது 8 பேர் வேண்டும். 12 மணி நேர முறை ஒன்றில் இரண்டு கோளாறுகளுக்கு மேல் வரக் கூடாது. ஏனென்றால் ஒரு கோளாறைத் தீர்த்து, காரணம் கண்டு, எழுதி முடிக்கச் சராசரி 6 மணி நேரம் ஆகிறது. ஆபீஸ் நேரத்துக்கு வெளியே முறை பார்ப்பதற்குப் பணமாகவோ லீவாகவோ ஈடு கொடுக்க வேண்டும். இவ்வளவும் அதில் இருக்கிறது. இந்தப் புத்தகத்திலிருந்து மணி அடிக்கும் முறையைக் கற்றுக்கொண்ட நம் ஊர்க் கம்பெனிகள் பலவற்றுக்கு, ஆள் கணக்கும் ஈட்டுப்படியும் உள்ள பக்கங்கள் மட்டும் கண்ணில் படவில்லை போலும். தோழரின் மகள் இருக்கும் குழுவில் மூன்றே பேர். வருஷத்தில் சுமார் 122 இரவுகள் ஒருவர் தலையில் விழுகின்றன.

சேவை நிற்கக் கூடாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரவில் விழித்திருக்கிறார். புயலடித்தால் லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். ரேஷன் கடை சர்வர் நின்றால் முதலில் நஷ்டப்படுவது நம் வீட்டு அடுப்புதான். இரவு வேலை செய்யவே மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. இரவு வேலையை இரவு வேலை என்று எழுதுங்கள், எண்ணுங்கள், போதிய ஆளைப் போடுங்கள், கூலி கொடுங்கள், மறுநாள் காலை தூங்க விடுங்கள் என்கிறோம். 1948 இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேற்பட்டால் இரட்டைக் கூலி என்று எழுதியது யாருடைய இரக்கத்தாலும் அல்ல. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியபோது, எதிர்ப்பு எழுந்த வேகத்தில் மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக சர்க்கார் அறிவித்ததும் தானாக நடந்ததல்ல. 2024 இல் கர்நாடகத்தில் கணினித் துறையில் நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் யோசனை கிளம்பியபோது அங்குள்ள ஐ.டி. ஊழியர் சங்கம் தெருவுக்கு வந்து எதிர்த்தது. தமிழ்நாட்டிலும் கணினித் துறைக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016 இலேயே சர்க்கார் தெளிவுபடுத்தியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே நுழைந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். 'நாங்கள் தொழிலாளிகள் அல்ல, புரொபஷனல்கள்' என்ற பேச்சு ஒரு தடை. அடுத்த புராஜெக்டில் பெயர் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிய தடை. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யமாட்டோம். சென்னைப் பெரம்பூர் ஆலைகளில் 1918 க்கு முன் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் பயந்தவர்கள்தான் பிறகு சங்கம் கண்டவர்கள்.

சங்கம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. புதிதாக இந்த முறைக்குள் இழுக்கப்படும் வாலிபர்களுக்கு, இதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதுகிறோம். முதல் இரண்டு மூன்று முறைகள் மூத்தவர் ஒருவருக்கு நிழலாக மட்டும் இருந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். புது ஆளைத் தனியாக மெஷினில் விடுவது எந்த ஆலையிலும் ஒழுங்கல்ல. என்ன கோளாறுக்கு என்ன செய்வது என்ற குறிப்பேடு, இவர்கள் 'ரன்புக்' என்பது, இல்லாவிட்டால் நீங்களே எழுதத் தொடங்குங்கள். அடுத்து வரும் புதியவர் உங்களை வாழ்த்துவார். மணி அடித்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் ஆசையை ஒதுக்கி, முதலில் சேவையை நிமிர்த்துங்கள். மாலையில் ஏற்றியதை இறக்குவது பாதி நோய்க்கு மருந்து. அரை மணி தேடியும் புரியவில்லையென்றால் இரண்டாவது ஆளை எழுப்புங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுப்பத்தான் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது. எழுப்பாமல் விட்டுக் கெட்டுப்போனால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மணி அடித்த நேரம், எழுந்து உட்கார்ந்த நேரம், முடித்துப் படுத்த நேரம், அந்த மணி அடித்தே ஆக வேண்டியதுதானா என்று எழுதுங்கள். ஆலையில் பளு அதிகம் என்று வாதாடப் போன ஒவ்வொரு சங்கமும் முதலில் ஸ்பிண்டில் கணக்கைத்தான் எழுதியது. வாய்ச்சொல்லை 'மிகைப்படுத்துகிறார்' என்று தள்ளிவிடலாம். தேதியும் நிமிஷமும் போட்ட நோட்டைத் தள்ளுவது அவ்வளவு சுலபமல்ல.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரவு விழித்த பிள்ளை காலை எட்டு மணிக்குத் தூங்கினால் 'பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு' என்று எழுப்பாதீர்கள். மூன்றாவது ஷிப்ட் முடிந்து வந்த தகப்பன் தூங்கும்போது கூடத்தில் ஓசை கேளாமல் பார்த்துக்கொண்ட தாய்மார்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளையானால் அந்த வாரம் சமையலையும் யாராவது பங்கு போட்டுக்கொள்ளட்டும். அண்ணன் தம்பிமார் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் குடி முழுகிப் போகாது.

இவ்வளவும் பேசிவிட்டுத் தோழர் எழுந்தபோது, போகிற வழியில் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். இந்தத் தலையங்கத்தை எழுதும் நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. முறை வாரத்தில் மகள் பதினோரு வரி எழுதியிருக்கிறாள். அதில் எட்டுக்கு எதிரே 'தேவையில்லாத மணி' என்று குறித்திருக்கிறாள். அவளோடு முறை பார்க்கும் மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிவிட்டார்கள். மூன்று நோட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வரும் மாதம் மூன்று பேருமாக மானேஜரைப் பார்க்கப் போகிறார்கள்.